ஏரியை இன்று பார்த்தவர் யார்?

நான் சுற்றுலா நிறுவன வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிழமை, அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, "பாதை நிலவரம் பற்றிய நம்பகமான தகவலைப் பெறுவது எப்படி" என்று ஒரு பக்கத்தில் எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். புள்ளி போட்டு எழுதினால் நல்லதாம். ஐந்து புள்ளிகளுக்கு மேல் போனால் ஒருவரும் படிக்க மாட்டார்களாம். ஐந்து புள்ளிகளில் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் என்னை இவ்வளவு காலம் அந்தக் கதிரையில் வைத்திருக்கத் தேவையில்லை. ஆகவே என் விருப்பப்படி எழுதுகிறேன். நேரமில்லாதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, கணினியில் தெரியும் வரைபடத்தைத் திறந்து, பச்சையாக இருந்தால் "திறந்திருக்கிறது" என்று எழுதி அனுப்பலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

நம் தொழில் என்னவென்று ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். லண்டனின் ஹவுன்ஸ்லோவில் ஒரு கம்பளக் கடைக்கு மேல்மாடியில், விமானங்களின் வயிறு தெரியும் யன்னலோரம் இருந்துகொண்டு, நோர்வேயின் வட அந்தத்தில் இருக்கும் ஒருவரிடம், "இன்று நீங்கள் ஸ்னோமொபைலில் இந்த ஏரியைக் கடக்கலாம்" என்று சொல்கிறோம். அவர் லண்டன்காரர். பனியை அவர் கண்டது பஸ் தரிப்பிடத்தில், சாம்பல் நிறச் சேறாக. நம்மை நம்பி, ஒரு வழிகாட்டிகூட இல்லாமல், மனைவியையும் அந்தப் பனி வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு உறைந்த தண்ணீருக்கு மேல் போகிறார். நாம் தேநீர் குடிக்கிறோம். இதிலுள்ள துணிச்சல் எனக்கு விளங்க ஒரு குளிர்காலம் எடுத்தது. மனேஜருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

எனக்கு இந்த வேலை கிடைத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மன்னாரிலிருந்து நோர்வேக்குப் போய், அங்கே வடக்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் பதினொரு வருடம் மீன் வெட்டினேன். பிறகு பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் வந்து மோர்டனில் வீடு எடுத்தோம். நேர்முகத்தில் மனேஜர், "ஆர்க்டிக் பகுதியைத் தெரியுமா?" என்று கேட்டார். அங்கே மீன் வெட்டியிருக்கிறேன் என்றேன். "மிக நல்லது" என்று சொல்லி எழுதிக்கொண்டார். வேலைக்குப் போன முதல் நாளே என் மின்னஞ்சல்களின் அடியில் "ரீட்டா, ஆர்க்டிக் நிபுணர்" என்று போட்டிருந்தது. அந்தப் பதினொரு வருடத்தில் நான் ஸ்னோமொபைலில் ஏறியது இரண்டு தரம். இரண்டு தரமும் பின்னால் இருந்தேன், இரண்டு தரமும் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

அந்த நிபுணர் தன் முதல் குளிர்காலத்தில் செய்த காரியம் இது.

ஹவுன்ஸ்லோவிலிருந்தே ஒரு இளம் தம்பதி போயிருந்தார்கள். இருவரும் ஆசிரியர்கள். ஹோட்டலிலிருந்து ஏரியைத் தாண்டி மறுகரையில் இருக்கும் மரக்குடிலுக்குப் போகவேண்டும். காலையில் வரைபடத்தைப் பார்த்தேன். கோடு பச்சை. அதன் கீழே, "இன்று காலை ஆறு மணிக்குப் புதுப்பிக்கப்பட்டது" என்று இருந்தது. இதற்கு மேல் ஒரு மனுசிக்கு என்ன வேண்டும்? "பாதை திறந்திருக்கிறது, இனிய பயணம்" என்று எழுதி, ஒரு சிரித்த முகத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

ஏரியின் நடுவில் அவர்களுடைய வண்டி இறங்கிவிட்டது. உடைந்த பனிக்கட்டிக்குள் விழுந்தார்கள் என்று நினைக்காதீர்கள், கட்டி உறுதியாகத்தான் இருந்தது. கடும் பனி விழுந்தால் அதன் பாரத்தில் கட்டி அமிழும். அப்போது வெடிப்புகள் வழியே தண்ணீர் மேலே ஏறி, கட்டிக்கும் வெண்பனிக்கும் நடுவில் நிற்கும். மேலே இருக்கும் பனி போர்வைபோல் மூடியிருப்பதால் அந்தத் தண்ணீர் உறையாது. பார்க்கிறவருக்கு எல்லாம் அழகான வெள்ளை. வண்டி போனால் கூழுக்குள் போனமாதிரி இறங்கி நிற்கும். இறங்கித் தள்ளுகிறவரின் சப்பாத்துக்குள் தண்ணீர் போகும். வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து பாகை.

அவர்களைக் கண்டுபிடித்து இழுத்து வந்தது, ஏரிக்கரைப் பெற்றோல் நிலையத்தை நடத்தும் ஒரு பெண். அந்தக் கணவருக்கு ஒரு கால்விரலின் நுனியை வெட்டவேண்டி வந்தது. அன்று மத்தியானம் அந்தப் பெண் எங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தார். நோர்வேஜியம் தெரிந்தவள் நான்தான் என்பதால் அழைப்பு என்னிடம் வந்தது. அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன். அவருடைய மொழி இதைவிடச் சுருக்கமானது, இதைவிடக் குளிரானது.

"பாதை திறந்திருக்கு எண்டு எழுதினது ஆர்?"

"நான்தான்."

"நீ ஏரியைப் பாத்தனியோ?"

"இல்லை. வரைபடத்தில பச்சை காட்டினது. காலமை ஆறு மணிக்குப் புதுப்பிச்சது எண்டும் போட்டிருந்தது."

"ஆர் புதுப்பிச்சது?"

வரைபடத்தைத் திரும்பவும் பார்த்தேன், பெயர் ஒன்றும் போட்டிருக்கவில்லை.

"அந்தப் பாதையைப் பாக்கிற ஆள் ரெண்டு கிழமையா தெற்கால ஒரு கடற்கரையில வெயில் காயுது. கம்பியூட்டர் தன்ர பாட்டில ஒவ்வொரு நாளும் தேதியை மாத்துது. அதைத்தான் நீ ரெண்டு பேருக்கு அனுப்பியிருக்கிறாய்."

அவர் வைத்துவிட்டார். பெயர் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அலுவலகம் அந்தத் தம்பதிக்கு ஒரு கடிதம் அனுப்பியது. "எதிர்பாராத இயற்கை நிலை" என்று அதில் இருந்தது. அதை வாசித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஏரி எல்லாக் குளிர்காலமும் அதைத்தான் செய்கிறது. எதிர்பாராத காரியம் நடந்தது ஹவுன்ஸ்லோவில், என் விசைப்பலகையில்.

அடுத்த நாள் காலை நானே அந்தப் பெற்றோல் நிலையத்துக்கு அழைத்தேன். "ம்" என்றார். லண்டனிலிருந்து பேசுகிறேன், ஏரி எப்படி என்றேன். "ஆர் போகினம்?" என்று திருப்பிக் கேட்டார். எத்தனை பேர், எத்தனை வண்டி, ஓடிப் பழக்கம் உண்டா, எத்தனை மணிக்கு என்றெல்லாம் கேட்டார். பத்து வருடத்துக்கு மேல் இப்படியே பேசினோம். ஒருநாளும் சுகம் விசாரித்ததில்லை. பெயர் கேட்கும் கட்டம் முதல் கிழமையிலேயே தாண்டிவிட்டது, பிறகு கேட்டால் அசிங்கம். ஆனால் அவர் கேட்டபடியே நானும் மற்றவர்களைக் கேட்கப் பழகினேன். யார் பார்த்தது? எப்போது பார்த்தது? எதுவரை போய்ப் பார்த்தது?

கேட்டுப் பாருங்கள், உலகம் எப்படிப்பட்டது என்று தெரியும். வெப்கேமரா இருக்கிறதே, அது ஹோட்டல் கூரையில் இருக்கிறது. அது காட்டுவது ஹோட்டலின் கார் தரிப்பிடத்தை. ஒரு முறை மூன்று நாளாக ஒரே நீலக் கார் ஒரே இடத்தில் நின்றது. சொந்தக்காரருக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று கவலைப்பட்டேன். பிறகு பார்த்தால் படமே மூன்று நாளாக அசையவில்லை. முகநூல் குழு ஒன்று உண்டு. "பாதை எப்படி?" என்று ஒருவர் கேட்டால் உடனே இருபது பேர் பதில் போடுவார்கள். "அருமை" என்பவர் போன வருடம் போனவர். "போகாதே" என்பவர் ஒருநாளும் போகாதவர். "நானும் அறிய ஆவல்" என்பவர்கள் மிச்சப்பேர். ஹோட்டல் வரவேற்பில் எப்போதும் "சூப்பர்". சூறாவளி அடித்தாலும் சூப்பர். நம் ஆட்களின் கலியாண வீட்டுக்கு நேரமாகிவிட்டதே என்று அழைத்தால், "வந்துகொண்டிருக்கிறம்" என்று சொல்வார்கள் அல்லவா, குளிக்கத் தண்ணீர் திறக்கும் சத்தம் பின்னால் கேட்கும். அதே வகைத் தகவல்தான் இதுவும்.

இனி அன்ரன் அண்ணையின் கதைக்கு வருகிறேன்.

அன்ரன் அண்ணை எங்கள் மோர்டன் தேவாலயத்து ஆள். பாரிஸில் இருபது வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்தவர். வீடுகளுக்கு அலுமாரி, பைப் எல்லாம் வைத்துக் குசினி பூட்டிக் கொடுக்கும் தொழில், கெட்டிக்காரர். அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருப்பதாக அவருக்கு ஒருவரும் இதுவரை சொன்னதில்லை. அறுபதாவது பிறந்தநாளுக்கு மண்டபம் எடுக்க வேண்டாம் என்று சொல்லி, பிள்ளைகள் அவரையும் இரண்டு மச்சான்மாரையும் எங்கள் நிறுவனத்தின் மூலம் ஸ்னோமொபைல் ஓட அனுப்பினார்கள். போவதற்கு முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் என்னிடம் வந்து, யூடியூப்பில் எல்லாம் பார்த்துவிட்டதாகவும், நான் தன்னைப் பற்றி ஒன்றுக்கும் யோசிக்கத் தேவையில்லை என்றும் சொன்னார். அன்றிலிருந்துதான் யோசிக்கத் தொடங்கினேன்.

அவர்கள் ஏரியைக் கடக்கவேண்டிய நாளுக்கு முன் இரண்டு நாள் அங்கே கடும் பனி கொட்டியது. மூன்றாம் நாள் காலை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பெற்றோல் நிலையத்துக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிடம் விட்டு அழைத்தேன். பத்து நிமிடம் விட்டு அழைத்தேன். அத்தனை வருடத்தில் அவர் எடுக்காதது அன்றுதான்.

பாதையைச் சமப்படுத்தும் இயந்திரத்தின் சாரதியைப் பிடித்தேன். நேற்றுப் பின்னேரம் மூன்று மணிக்கு ஏரிக்கரைவரை வந்ததாகவும், இருட்டியதால் ஏரியில் இறங்காமல் திரும்பியதாகவும் சொன்னார். அதற்குப் பிறகு நடந்தது ஒருவருக்கும் தெரியாது.

மனேஜர் என் மேசைக்கு வந்து நின்றார். எட்டு மணிக்குச் செய்தி போகவேண்டும். எங்கள் படிவத்தில் இரண்டு பெட்டிகள்தான் உண்டு என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திறந்திருக்கிறது, பூட்டியிருக்கிறது.

"எது?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

"அப்படி ஒரு பெட்டி இல்லையே" என்றார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே எனக்கு உதவி செய்கிற தொனியில் சொன்னார். பிறகு விரல்விட்டு எண்ணினார். வரைபடம் பச்சை. வெப்கேமராவில் வெயில். ஹோட்டல் அருமை என்கிறது. மூன்று ஆதாரம் இருக்கிறதே, இன்னும் என்ன வேண்டும்?

"இண்டைக்கு அந்த ஏரியைக் கடந்த ஒரு மனிசர்" என்று மனதுக்குள் சொல்லி, அதையே ஆங்கிலத்தில் அவருக்கும் சொன்னேன்.

பெட்டி இரண்டையும் வெறுமையாக விட்டுவிட்டுக் கீழே எழுதினேன். நேற்று மூன்று மணிக்கு இயந்திரச் சாரதி கரைவரை வந்தார், ஏரியில் இறங்கவில்லை. இன்று ஏரியைக் கடந்தவர் எவரையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அடுத்த செய்தி வரும்வரை ஏரியில் இறங்கவேண்டாம். எழுதினேன், அனுப்பினேன். மனேஜர் வாசித்துவிட்டு, இது மிகவும் எதிர்மறையாக இருக்கிறது என்றார். ஒன்பது மணிக்குள் நான் சரியான பதில் தராவிட்டால் தானே ஒரு திருத்தம் அனுப்பப்போவதாகச் சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனார்.

இரண்டு நிமிடத்தில் என் தொலைபேசி அடித்தது. அன்ரன் அண்ணை.

"தங்கச்சி, இதென்ன எழுதி விட்டிருக்கிறீர்? இங்க வெயில் எறிக்குது. ஏரி வெள்ளைவெளேரெண்டு கிடக்கு. நான் கண்ணால பாக்கிறன், நீர் லண்டனில இருந்துகொண்டு ஏலாது எண்டுறீர்."

"அண்ணை, மேல பாத்தால் தெரியாது. பனிக்குக் கீழ தண்ணி நிண்டால்—"

"தண்ணி நிண்டால் தெரியாதே? நான் எத்தினை குசினிக்குப் பைப் பூட்டினனான்!"

"அண்ணை, இது பைப் இல்லை."

"மச்சான்மார் உடுப்புப் போட்டுக்கொண்டு வெளியில நிக்கினம். ஹோட்டல்காரனும் சூப்பர் எண்டு சொல்லுறான். நாங்கள் வெளிக்கிடுறம்."

என்ன சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை. பூட்டியிருக்கிறது என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா என்று அந்த நேரம் நினைத்தேன். சொல்லியிருந்தால் நின்றிருப்பார். ஆனால் ஒருமுறை அப்படிச் சொல்லி, ஏரி நன்றாக இருந்தால், அடுத்தமுறை நான் சொல்லும் எதையும் அவர் மட்டுமல்ல, ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆகவே அந்தப் பெற்றோல் நிலையப் பெண் என்னிடம் கேட்டதையே கேட்டேன்.

"சரி அண்ணை, போங்கோ. போக முன்னம் ஒரு உதவி. அந்த ஹோட்டல்காரர் இண்டைக்கு ஏரிக்குப் போனவரோ எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ."

"இதென்ன விசர்க் கேள்வி" என்று முணுமுணுத்தார். ஆனால் கேட்கப் போனார். தொலைபேசியைக் காதிலேயே வைத்திருந்தேன். அவருடைய உடைந்த ஆங்கிலமும் அந்த மனிதரின் உடைந்த ஆங்கிலமும் மோதிக்கொள்வது தூரத்தில் கேட்டது.

"தங்கச்சி, அவர் போர்த்துக்கல்காரர். போன கிழமைதான் வேலைக்கு வந்தவராம். இன்னும் ஸ்னோமொபைலில ஏறேல்லையாம்."

"அப்ப பாதை சூப்பர் எண்டு அவருக்கு ஆர் சொன்னது?"

திரும்பவும் போனார்.

"லண்டனில இருந்து நேற்று மெயில் வந்ததாம். பிறின்ட் எடுத்து வைச்சிருக்கிறார்."

"ஆர் அனுப்பின மெயில்?"

தாள் சரசரக்கும் ஒலி கேட்டது.

"கீழ உம்மட பேர்தான் கிடக்கு, தங்கச்சி. ஆர்க்டிக் நிபுணர் எண்டு."

அதற்கு முந்தின நாள் நான், "பாதை ஏரிக்கரைவரை திறந்திருக்கிறது" என்று எழுதியிருந்தேன். அதில் "ஏரிக்கரைவரை" என்ற சொல்லை அந்த மனிதர் கணக்கில் எடுக்கவில்லை. அதைத்தான் அவர் அன்று காலை எங்கள் மனேஜருக்கும் "அருமை" என்று சொல்லியிருக்கிறார்.

அன்ரன் அண்ணை பெருமூச்சு விட்டார். "அப்ப ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது" என்றார்.

"ஓம் அண்ணை. அதைத்தான் எழுதினனான்."

"சரி. நாங்கள் ஒரு கோப்பி குடிச்சிட்டு நிக்கிறம்."

நான் எழுந்து மனேஜரிடம் போனேன். ஹோட்டலின் ஆதாரம் நாங்கள்தான், எங்கள் ஆதாரம் ஹோட்டல் என்று விளக்கினேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் எல்லா ஆதாரங்களும் ஒத்துப்போகின்றன தானே" என்றார்.

சரி, திருத்தத்தை அனுப்புங்கள், ஆனால் அடியில் என் பெயரை எடுத்துவிட்டு உங்கள் பெயரைப் போட்டு அனுப்புங்கள் என்றேன். அவர் கணினியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோப்பி வாங்க வேண்டும் என்று சொல்லிக் கீழே இறங்கிப் போனார். திருத்தம் போகவில்லை. பிள்ளைகளே, ஒரு தகவல் எவ்வளவு உறுதியானது என்று அறிய இதைவிட நல்ல கருவியை நான் காணவில்லை. சொல்பவரின் பெயரைக் கேளுங்கள்.

பதினொரு மணிக்குப் பெற்றோல் நிலையத்துப் பெண் அழைத்தார். மூச்சு வாங்கியது.

"நீ ரெலிபோன் எடுத்தனி போல."

"எட்டுத் தரம்."

"நான் ஏரியில நிண்டனான். குடிலுக்குச் சாமான் கொண்டுபோற ஆள் விடியக்காலமை நடு ஏரியில இறங்கிட்டார். நாலு பேராச் சேந்து இழுத்தம். முழங்கால் மட்டும் தண்ணி. கரை முழுக்கச் சிவப்புத் தடி நட்டுட்டன். ஒருத்தரும் வரக்கூடாது."

"அந்த ஆள் எப்பிடி?"

"அடுப்படியில இருந்து அழுகிறார். விரல் ஒண்டும் போகேல்லை." பிறகு, "நான் எடுக்கேல்லை எண்டோடனை நீ என்ன எழுதினாய்?" என்று கேட்டார்.

"தெரியாது எண்டு எழுதினன்."

"நல்லது" என்றார். அத்தனை வருடத்தில் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. உடனே வைத்தும்விட்டார்.

அன்று எனக்கு உறைத்தது இதுதான். முதல் மணியிலேயே எடுத்து "சூப்பர்" என்று சொல்கிறவர், எங்கும் போகாமல் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருக்கிறவர். பார்க்கப் போனவர் எடுக்க மாட்டார். அவருடைய கை வேறு வேலையில் இருக்கும். அந்த மௌனத்தை "பிரச்சினை இல்லை" என்று வாசிக்கிறவர்கள்தான் உலகத்தில் அதிகம். அவர்களில் பலர் மனேஜர்கள்.

அடுத்த ஞாயிறு மோர்டனில் பூசை முடிந்து, தேவாலய மண்டபத்தில் தேநீர். அன்ரன் அண்ணையைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்றார்கள். வெயில் பனியில் பட்ட விதத்தைப் பார்த்ததுமே கீழே தண்ணீர் நிற்பது தனக்கு விளங்கிவிட்டது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "பைப் வேலை செய்தவனுக்குத் தண்ணியின்ர குணம் தெரியும்" என்றார். மச்சான்மார் இரண்டு பேரும் தலையாட்டினார்கள். என்னைக் கண்டதும் குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல், "தங்கச்சியும் உதவி செய்தவ" என்று சேர்த்துக்கொண்டார். நான் தேநீரோடு தந்த றோல்ஸைக் கடித்துக்கொண்டு நின்றேன். பத்து விரலோடு, இரண்டு காலில் நின்று ஒரு மனிதர் பொய் சொல்வதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அலுவலகமும் பாடம் படித்தது. படிவத்தில் "உறுதி செய்யப்படவில்லை" என்று மூன்றாவது பெட்டி வந்தது. வாடிக்கையாளர்களுக்கு அது பிடிக்கவில்லை என்று ஒரு மாதத்தில் எடுத்துவிட்டார்கள். இப்போது உங்களுக்கு ஒரு செயலி தந்திருக்கிறார்கள். கேட்ட உடனே அழகான வசனத்தில் பதில் சொல்கிறது. நான் போவதற்கு முன் ஒருநாள் அதனிடம் ஏரியைப் பற்றிக் கேட்டேன். பாதை பொதுவாக நன்றாக இருக்கிறது, ஆனாலும் உள்ளூரில் விசாரித்துக்கொள்ளுங்கள் என்றது. உள்ளூரில் விசாரிப்பது யாருடைய வேலை என்று அது சொல்லவில்லை. அது உங்களுடைய வேலை.

கடைசி நாள் பெற்றோல் நிலையத்துக்கு அழைத்து, நாளையிலிருந்து நான் வரமாட்டேன் என்று சொன்னேன். நன்றி சொல்ல நினைத்திருந்தேன், அவர் இடம் தரவில்லை.

"இனி ஆர் எனக்கு ரெலிபோன் எடுக்கப்போகினம்?"

"இளம் பிள்ளையள் ரெண்டு பேர். உங்கட மொழி தெரியாது, இங்கிலிசில கதைப்பினம்."

"ஏரி எண்டால் இங்கிலிசில என்ன எண்டு எனக்குத் தெரியும். காலமை ஏழு மணிக்கு முன்னம் எடுக்கச் சொல்லு. பிறகு நான் பாக்கப் போயிடுவன்."

அவருடைய இலக்கம் என் மேசையின் மேல் இழுப்பறையில் இருக்கிறது. பெயர் எழுதவில்லை, நீங்களாவது முதல் நாளே கேட்டுவிடுங்கள். அங்கே ஏழு மணி என்றால் லண்டனில் ஆறு. எழும்புங்கள்.